திருகோணமலையில் மாப்பிள்ளையை எங்கே குளிப்பாட்டுவது?

கிளம்பும்போது அக்கா ஒரே ஒரு கட்டளைதான் போட்டாள்.

"ஏலே, அங்க போயி நீ வாயத் தொறக்காத. அவுக என்ன சொன்னாலும் சரின்னு தலைய ஆட்டிட்டு வா. அது போதும்."

முப்பத்து நான்கு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவன் நான். "பெர்த் கிடையாது", "இது செல்லாது", "அடுத்த ஸ்டேஷனில் இறங்குங்க" என்று சொல்லியே தலை நரைத்தது. அப்படிப்பட்டவனை நான்கு நாள் சரி, சரி என்று மட்டும் சொல்லச் சொன்னால் எப்படி இருக்கும்? ஆனால் அக்காவின் கோபத்தில் நியாயம் இருந்தது. தப்பு என் வாயின் மேல்தான்.

அக்கா மகன் செந்திலும் திருகோணமலைப் பெண் ஆரபியும் துபாயில் ஒரே அலுவலகத்தில் வேலை பார்த்துப் பழகியவர்கள். கல்யாணம் திருநெல்வேலியிலா, திருகோணமலையிலா என்ற பேச்சு வந்தபோது, பெண்ணின் அப்பா தங்கள் ஊரில்தான் என்று போனில் உறுதியாகச் சொன்னார். நான் அக்காவின் கையிலிருந்து போனை வாங்கி, "கடலைத் தாண்டி வர நாங்க என்ன அனுமாரா?" என்று கேட்டுவிட்டேன். தமாஷாகத்தான் கேட்டேன்.

"அப்ப நாங்கள் என்ன அரக்கரோ?" என்று மறுமுனையில் ஒரு குரல் கேட்டது. அதோடு போன் வைக்கப்பட்டது.

மூன்று மாதம் பேச்சுவார்த்தை இல்லை. செந்தில் என்னோடு பேசுவதையே விட்டுவிட்டான். பிள்ளைகள் இருவரும் இரண்டு பக்கமும் கெஞ்சிக் கூத்தாடித் தையில் கல்யாணம், திருகோணமலையில் என்று முடிவாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் தங்கப்போகும் இடத்தைப் பார்த்துச் சம்மதம் சொல்ல எங்கள் பக்கத்திலிருந்து ஒருவர் வரவேண்டும் என்றார் சம்பந்தி. யாரை அனுப்ப என்று அக்கா கேட்டதற்கு, "அந்த அனுமாரையே அனுப்புங்கோ" என்றாராம். இதை அவர் சிரித்துக்கொண்டு சொன்னாரா, பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாரா என்பது அக்காவுக்குத் தெரியவில்லை.

இப்படித்தான் ஒரு ஆவணி மாதத்தில், கையில் இரண்டு கிலோ அல்வாவோடும் வாயில் பூட்டோடும் திருகோணமலை பஸ் நிலையத்தில் இறங்கினேன்.

எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் மாடு நிற்கும். இங்கே மான் நிற்கிறது. நிஜமான புள்ளிமான். வாழைப்பழத் தோலை மென்றுகொண்டு, அடுத்த பஸ் எப்போது என்று பார்ப்பதுபோல நிற்கிறது. நான் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற ஒரு அம்மா, "ஐயா, உங்கட பை!" என்று கத்தினார். பின்னாலிருந்து வந்த இன்னொரு மான் அல்வாப் பொட்டலத்தை இழுத்துக் கிழித்து, கால் கிலோவை முடித்திருந்தது. நான் பையைப் பிடுங்க, அது நெய் வழியும் மூக்கோடு என்னை முறைத்தது.

அந்தக் கோலத்தில்தான் சம்பந்தி சிவஞானம் என்னை முதன்முதலாகப் பார்த்தார். துறைமுகத்தில் பாரம் தூக்கும் கிரேனை இயக்கி ஓய்வு பெற்றவர். நல்ல உயரம். எட்டு மாடிக்குக் கேட்கும் குரல்.

"வாங்கோ தம்பி. மானுக்கும் சீர் கொண்டு வந்தனீங்களோ?"

"ஆமாம், சரி" என்றேன். வேறு என்ன சொல்ல?

அவர் வீடு டவுனுக்கு வெளியே, உப்புவெளிப் பக்கம். அவர் மனைவி பூமணி அக்கா பிட்டும் மீன் குழம்பும் கத்தரிக்காய்ப் பொரியலும் வைத்திருந்தார். தேங்காய்ப்பூ போட்டு அவித்த அந்தப் பிட்டைப் பற்றித் தனியாகவே எழுதலாம். எங்கள் ஊர்ப் பிட்டு தொண்டையில் நின்று யோசிக்கும். இது குழம்பைக் கண்டதும் கரைந்துவிடுகிறது. "இன்னும் கொஞ்சம் வைக்கட்டோ?" என்று அவர் கேட்டார். சரி என்றேன். மறுபடி கேட்டார். மறுபடியும் சரி என்றேன். நான்காம் முறை வைத்தபோது எனக்கு மூச்சு முட்டியது. சம்பந்தி எதிரில் இருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டபின் அவர் 'பால் அறுகு' பற்றிச் சொன்னார். கல்யாண நாள் காலையில் மாப்பிள்ளையை உட்காரவைத்து, இரண்டு பக்கத்துப் பெரியவர்கள் பதினொரு பேரும் ஒவ்வொருவராக வந்து, பாலில் தோய்த்த அறுகம்புல்லை இரு கையாலும் எடுத்து அவன் தலையில் வைப்பார்கள். பிறகு அப்படியே தலைக்குத் தண்ணீர் வார்ப்பார்கள். மாப்பிள்ளை தங்கும் இடத்திலேயே இது நடக்கவேண்டும். ஈரம் துவட்டி, அங்கிருந்துதான் அவன் மணவறைக்குப் புறப்படுவான்.

"உங்களுக்கு இதில ஏதும் மறுப்பு இருக்கோ?"

"ஒன்றுமில்லை. சரி."

"காட் அடிக்கக் குடுக்கவேணும். நீங்கள் இடத்தைப் பாத்துச் சொன்னாப் பிறகு குடுப்பம்" என்றார்.

கல்யாணப் பத்திரிகையைத்தான் சொல்கிறார். ஆக, அது அச்சுக்குப் போவது என் கையில் இருந்தது. நினைத்தபோதே வயிற்றில் இருந்த பிட்டு கனத்தது.

மாப்பிள்ளை வீட்டாருக்காக அவர் பார்த்து, என்னையும் தங்கவைத்த ஹோட்டல் உள்துறைமுகத்தைப் பார்த்தபடி நின்றது. நான்கு மாடி, லிஃப்ட், எங்கும் வெள்ளை. ஆட்டோக்காரர் அதைத் தாண்டி இரண்டு முறை போய் வந்தார். நாகரிகமான ஹோட்டல்கள் பெயர்ப்பலகை வைப்பதில்லை போலும். வாசலில் உள்ளங்கை அளவில் ஒரு பித்தளை நங்கூரம் மட்டும் இருந்தது.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு அந்த ஹோட்டல் ரொம்பப் பிடித்துவிட்டது. ஜன்னலைத் திறந்தால் துறைமுகம் முழுவதும் தெரிகிறது. மலைகளுக்கு நடுவில் கடல் அப்படி அடங்கி உட்கார்ந்திருப்பதை நான் எங்கேயும் பார்த்ததில்லை. மெத்தையில் படுத்ததும் முதுகுவலி என்ற ஒன்று இருந்ததே மறந்துபோனது. இப்படிப்பட்ட இடத்தில் அக்காவையும் அத்தானையும் தங்கவைக்கலாம் என்று நினைக்கவே பெருமையாக இருந்தது.

மறுநாள் காலையில் குளிக்கப் போனபோதுதான் சிக்கல் தெரிந்தது. குளியலறைக்குச் சுவர் இல்லை. கண்ணாடிதான். உள்ளே குளிப்பவனைக் கட்டிலில் இருப்பவன் பார்க்கலாம். கூரையிலிருந்து மழைபோலத் தண்ணீர் விழுகிறது. வாளியும் இல்லை, கப்பும் இல்லை. எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வாளி இல்லாமல் குளித்தால் குளித்த மாதிரியே இருக்காது. கீழே போன் செய்து வாளி கேட்டேன். ஐந்து நிமிடத்தில் பளபளவென்று ஒரு வெள்ளி வாளி வந்தது. ஐஸ் கட்டி வைக்கிற வாளி. அதில் மூன்று சொம்புத் தண்ணீர் பிடிக்கும். அதைக்கொண்டே குளித்து முடித்தேன்.

காலை உணவாகக் கறுப்புக் கல்பலகை ஒன்றில் இரண்டு குட்டிப் பால் அப்பமும், நகத்தளவு கட்டைச் சம்பல் என்ற மிளகாய்த் துவையலும் வந்தன. ருசியில் குறை சொல்ல முடியாது. தட்டுக்குத்தான் பசி தெரியவில்லை. மேலாளர் நிரோஷன் வந்து நலம் விசாரித்தார். கிளிவெட்டியில் நெல் விதைக்கிற குடும்பத்துப் பிள்ளை. பால் அறுகு பற்றிக் கேட்டதும் முகம் மலர்ந்தது.

"எங்கட வீட்டிலயும் வைக்கிறதுதான் ஐயா. எத்தினை பேர் வைப்பினம்?"

"பதினொரு பேர்."

அவர் என்னை அழைத்துப்போய் எல்லாவற்றையும் காட்டினார். கண்ணாடி அறைக்குள் மூன்று பேருக்கு மேல் நின்றால் ஒருவர் முழங்கை இன்னொருவர் மூக்கில் இடிக்கும். அறைத் தரையெல்லாம் மரப்பலகை. மொட்டைமாடியில் நீச்சல் தடாகம் இருந்தது. அங்கே ஒரு முக்காலி போடலாம். ஆனால் ஒரு சொட்டுப் பால் தடாகத்தில் விழுந்தாலும் தண்ணீர் முழுவதையும் மாற்றவேண்டும்.

"நீங்கள் குறை நினைக்கக் கூடாது. இஞ்ச ஏலாது ஐயா" என்றார். முடியாது என்பதை எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார்! எனக்கு அவர்மேல் பொறாமையாக இருந்தது.

மாலையில் சம்பந்தி வந்து கேட்டார். "எப்பிடி ஹோட்டல்?"

"பிரமாதம்."

"சாப்பாடு காணுமோ?"

"தாராளம்."

"பால் அறுகு இஞ்ச வைக்கேலுமோ?"

நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். "பேஷா வைக்கலாம்."

அவர் முகம் ஏனோ சுருங்கியது. பழைய டிக்கெட்டைத் திருத்திக்கொண்டு வந்த பயணியை நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படி என்னைப் பார்த்தார். இன்னொரு முறை கேட்டார். வைக்கலாம் என்றேன். மூன்றாம் முறையும் கேட்டார். அப்போதும் அதையே சொன்னேன். பத்திரிகை அச்சுக்குப் போயிற்றா என்று மெதுவாகக் கேட்டேன். "பாப்பம், என்ன அவசரம்" என்று எழுந்துவிட்டார்.

அவர் போனதும் அக்கா போன் செய்தாள்.

"பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சா?"

"பார்ப்போம்னார்."

"நீ என்னலே சொல்லித் தொலச்ச?"

"சத்தியமா சரின்னுதான் சொன்னேன்."

அவள் நம்பவில்லை. மனசு சரியில்லாமல் துறைமுகத் தெருக்களில் நடந்தேன். நான்கு தெரு தள்ளி ஒரு பழைய வீடு இருந்தது. சுவர் ஒரு முழம் கனம். ஓட்டுக்கூரை. ஒல்லாந்தர், அதாவது டச்சுக்காரர், காலத்தது என்று வாசலில் பழுப்பேறிய பலகை சொன்னது. அதற்குக் கீழே 'அறைகள் உண்டு' என்று எழுதியிருந்தது. எட்டிப் பார்த்தேன். நடைக்கு அந்தப் பக்கம் திறந்த முற்றம், முற்றத்தின் நடுவில் கட்டுக்கிணறு, கப்பி, கயிறு, வாளி. பக்கத்தில் பதினைந்து பேர் நிற்கலாம்போல அகலமான சிமெண்டுத் தரை.

செந்தில் அந்தத் தரையில் உட்கார்ந்து தலையில் பால் வழிய முழிப்பது என் கண்ணுக்கு அப்படியே தெரிந்தது. ஆனால் சம்பந்தி ஆசையோடு ஏற்பாடு செய்த ஹோட்டலை விட்டு இந்தப் பழைய வீடுதான் வேண்டும் என்று எந்த வாயால் சொல்வது? ஹோட்டல் செலவை அவரால் தாங்க முடியாது என்று நாங்கள் நினைத்ததாக ஆகாதா? ஏற்கனவே அரக்கர் என்று ஆயிற்று. இதுவும் சேர்ந்தால் கல்யாணமே நின்றுவிடும். உள்ளே போகாமல் திரும்பிவிட்டேன்.

மூன்றாம் நாள் மதியம் சம்பந்தி வீட்டில் சாப்பாடு. சம்பந்தி அவசர வேலை என்று முன்பே எழுந்து போய்விட்டார். எனக்கு ஒரு யோசனை உதித்தது. பழைய வீட்டுக்காரரைத் தனியாகப் பார்த்து, கல்யாணக் காலையில் ஒரு மணி நேரம் கிணற்றை இரவல் கேட்டுவிட்டால்? முறை கொஞ்சம் பிசகும். பிசகட்டும், ஹோட்டலும் தப்பும், பால் அறுகும் நடக்கும், நானும் யாரிடமும் முடியாது என்று சொல்லவேண்டியிருக்காது. பூமணி அக்காவிடம் சும்மா நடந்துவிட்டு வருவதாகச் சொல்லிவிட்டு, வந்த முதல் பஸ்ஸில் ஏறினேன்.

கால் மணி நேரம் ஆயிற்று. டவுன் வரவில்லை. பனையும் மணலும்தான் வந்தன. நடத்துநரிடம் கேட்டேன்.

"ரவுணோ? இது குச்சவெளி போற பஸ் ஐயா. ரவுண் அங்கால்ப் பக்கம்."

முப்பத்து நான்கு வருஷம் தப்பான ரயிலில் ஏறியவர்களை இறக்கிவிட்டவன், தப்பான பஸ்ஸிலிருந்து இறங்கினேன். நல்லவேளை, அங்கே என்னைத் தெரிந்தவர் யாரும் இல்லை.

வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த வழியாக மோட்டார் சைக்கிளில் ஒரு மீன்காரர் வந்தார். கிண்ணியா என்ற ஊர்க்காரர். பின்னால் பெரிய மீன்பெட்டி கட்டியிருந்தது. நான் போகவேண்டிய வீட்டின் அடையாளம் சொன்னேன்.

"ராத்தாட வீடா? நானும் அங்கதான் மீன் குடுக்கப் போறேன். பொட்டிக்கு மேல ஏறி இரிங்க."

ஏறி இருந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் பெட்டியின் மூடி எழும்பி, உருகிய ஐஸ் தண்ணீரை என் வேட்டியில் ஊற்றியது. அவர் வழியெல்லாம் பாரை மீனின் குணநலன்களைச் சொல்லிக்கொண்டு வந்தார். பழைய வீட்டு வாசலில் இறங்கியபோது நானே அரைப் பாரை ஆகியிருந்தேன்.

நடையைத் தாண்டி முற்றத்துக்கு வந்தேன். கப்பி கிறீச்சிட்டது. கிணற்றடியில் ஒருவர் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வாளியிலிருந்து உள்ளங்கையில் தண்ணீர் ஏந்திக் குடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். சம்பந்தி.

அவர் வாளியோடு திரும்பினார்.

"நீங்க எங்க இங்க?" என்றேன்.

"நீங்கள் எங்க இஞ்ச?" என்றார்.

சமையலறையிலிருந்து வீட்டுக்காரப் பெண்மணி எட்டிப் பார்த்தார். ஐம்பது வயதிருக்கும். ஊரே ராத்தா என்று அழைக்கும், முஸ்லிம்கள் வழக்கில் மூத்த சகோதரி. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்து, மூக்கைச் சுளித்து, "நேத்துப் பின்னேரம் வாசல்ல நின்டு எட்டிப் பாத்துட்டு ஓடினது நீங்கதானே?" என்றார்.

சம்பந்தி வாளியைக் கீழே வைத்தார்.

"நேற்றே பாத்தனீங்களோ? அப்ப சொல்லுங்கோ. அந்த ஹோட்டலில பால் அறுகு வைக்கேலுமோ?"

நான்காம் முறை. தலையிலிருந்து கால்வரை மீன் நாற்றம். பொய் சொல்ல உடம்பில் தெம்பில்லை.

"முடியாதுங்க!" என்று வெடித்தேன். "வாளி இல்லை. நிக்க இடமில்லை. மூணு பேர் நின்னா நாலாவது ஆள் கட்டில்ல நிக்கணும். மாப்பிள்ளை குளிக்கிறதை ஊரே கண்ணாடியில பாக்கும். மேல குளத்துல ஒரு சொட்டுப் பால் விழக்கூடாதாம். அது நல்ல ஹோட்டல், எங்க அக்காவுக்கு முழங்கால் வலி, அவளுக்கு லிஃப்ட் வேணும், அங்கதான் தங்குவா. ஆனா செந்திலுக்கு இந்தக் கிணத்தடிதான் வேணும். அப்புறம், நாலாவது பிட்டும் எனக்கு வேண்டாம். முதல் நாளே வேண்டாம்."

சொல்லி முடித்தேன். போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தேன்.

சம்பந்தி கிணற்றுக் கட்டில் உட்கார்ந்தார். தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரியச் சற்று நேரம் ஆயிற்று. சிரிப்பு அடங்கியபிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார்.

"எனக்கும் அந்த ஹோட்டல் சரிவராது எண்டு தெரியும் தம்பி. நீங்கள் இந்தியாவில இருந்து வாற ஆக்கள், பழைய வீட்டைக் காட்டினால் எங்களைக் குறைவா நினைப்பீங்கள் எண்டு பயந்தனான். சரி, நீங்களே சொல்லட்டும் எண்டு பாத்தால், மூண்டு நாளா எல்லாத்துக்கும் ஓம், ஓம். எனக்கு நித்திரை இல்லை."

"நான் சரின்னு சொன்னதாலயா?"

"ஓம். போனில அனுமார் கதை சொன்ன மனிசனை நான் ஏன் கேட்டு அழைச்சனான்? அண்டைக்குக் கோபம் வந்தது உண்மைதான். பிறகு யோசிச்சன். இந்த மனிசன் மனசில கிடக்கிறதை முகத்துக்கு முன்னால சொல்லுது. எனக்கு ஒரே பிள்ளை. கடலுக்கு அங்கால அனுப்பப் போறன். இஞ்ச எல்லாத்துக்கும் தலையாட்டிப்போட்டு, அங்க வீட்டுக்குள்ள வைச்சு அவளிட்டக் குறை சொல்லுற சனமோ எண்டு நினைச்சிட்டன். அதான் காட்டை அடிக்கக் குடுக்கேல்லை." குரல் தணிந்தது. எட்டு மாடிக்குக் கேட்கும் குரல் எனக்கு மட்டும் கேட்டது. "எந்தக் குறை எண்டாலும் எனக்குச் சொல்லுங்கோ தம்பி. கத்துங்கோ, சண்டை பிடியுங்கோ. அவளிட்ட மட்டும் சொல்லாதேங்கோ."

எனக்குப் பிள்ளைகள் இல்லை, செந்தில்தான் எல்லாம். அவனுக்காக வாயைக் கட்டிக்கொண்டு வந்தேன். அதுவே அவன் கல்யாணத்துக்கு உலை வைத்திருக்கிறது. அந்த மனிதரின் கையைப் பிடித்துக்கொண்டேன். மீன் கை என்று அவரும் பார்க்கவில்லை.

ராத்தாதான் பார்த்தார். "முதல்ல அவரக் குளிக்க வையுங்க. வீடு முழுக்க மணக்குது" என்று ஒரு சாரத்தையும் துண்டையும் கொண்டுவந்து கொடிக்கயிற்றில் போட்டார். பால் அறுகு வைக்க அவருக்கு ஏதும் சங்கடம் உண்டா என்று கேட்டேன். "எனக்கென்ன சங்கடம்? எத்தன போத்தல் பாலுன்டு சொல்லுங்க, நான் எடுத்து வெக்கிறேன். ஆனா ஒன்டு, புதுசா ஒரு கயிறு நீங்கதான் போட்டுத் தரணும்" என்றார்.

நான் சிமெண்டுத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்தேன். சம்பந்தி கயிற்றை விட்டார். பாரம் தூக்கிப் பழகிய கை. வாளி ஒரு சொட்டும் சிந்தாமல் மேலே வந்தது. இரண்டு நாள் ஐஸ் வாளியில் குளித்தவன் தலையில் ஒரு முழு வாளித் தண்ணீர் விழுந்தது. அந்தச் சுகத்தை என்னவென்று சொல்ல! மூச்சுத் திணறி வாயைத் திறந்தேன். தண்ணீர் உள்ளே போயிற்று.

"எப்பிடித் தண்ணி?" என்றார் சம்பந்தி.

ராத்தா சமையலறை வாசலில் இடுப்பில் கைவைத்து நின்றார். அமிர்தம் என்று சொல்ல நாக்கு நுனிவரை வந்துவிட்டது. முழுங்கினேன்.

"உப்புக் கரிக்குது."

"எங்கட கிணத்துத் தண்ணியா?" என்று ராத்தா பொங்கினார். "கோடையில அப்பிடித்தான் இருக்கும். மாரி மழ பெஞ்சிட்டா இளநி மாதிரி ஆகிடும். கலியாணம் தையிலதானே!"

"அவர் சொன்னது சரி ராத்தா. நானும் குடிச்சுப் பாத்தனான், உவர்தான்" என்றார் சம்பந்தி. முகம் முழுவதும் சிரிப்பு. ஈரக் கையைச் சாரத்தில் துடைத்துக்கொண்டு, சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து யாரையோ அழைத்தார்.

"அச்சகமோ? சிவஞானம் கதைக்கிறன். ஓம் தம்பி, காட்டை அடியுங்கோ."

பிறகு போனைக் கிணற்றுக் கட்டில் வைத்துவிட்டு, என் தலையில் அடுத்த வாளியை ஊற்றினார்.